தீர்மானம் வைக்காத நடனம்

மதுரைல இருந்து கம்பம் போற பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா ஒண்ணு கவனிங்க. ஆண்டிப்பட்டி கணவாய் தாண்டியும் கொஞ்ச தூரத்துக்குக் காய்ஞ்ச மானாவாரி நிலம். தேனி, சின்னமனூர்னு போகப்போக பச்சை. முல்லைப் பெரியாறு தண்ணி பாயுற இருபோக நெல் வயல், சுமார் 14,700 ஏக்கர். ரெண்டும் ஒரே மாவட்டம்தான்.

இந்த ரோட்டுல போறப்பல்லாம் எனக்கு சந்திரலேகா ஞாபகம் வரும்.

1952. மெட்ராஸ்ல அவங்களோட பரதநாட்டிய அரங்கேற்றம். ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டுற நிகழ்ச்சி அது. ‘மதுரா நகரிலோ’ பாட்டுக்கு ஆடுறாங்க. யமுனையில தண்ணி அள்ளி விளையாடுற காட்சி. அபிநயம் பிடிக்கும்போதே, பேப்பர்ல பார்த்த வெடிச்ச நிலத்தோட போட்டோக்கள் மனசுல வருது. வறட்சிக்காக ஆடுற மேடைல இவ்வளவு தண்ணியை எப்படிக் காட்டுறோம்? அந்த நிமிஷம் உறைஞ்சு போனதா பின்னாடி சொல்லியிருக்காங்க.

அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துல மேடைல இருந்து ஒதுங்குனாங்க. டிசைன், போஸ்டர், பெண்கள் இயக்கம்னு பல வருஷம் வேலை செஞ்சாங்க. 1985ல ‘அங்கிகா’வோட திரும்பி வந்தாங்க. பரதத்தோட களரியும் யோகாவும் சேர்ந்துச்சு. சாமி கதைகள் போயிருச்சு.

இங்க ஒரு டெக்னிக்கல் விஷயம். பரதத்துல ஜதியை முடிக்கிற அடவுக் கோர்வைக்குப் பேரு தீர்மானம். பெரும்பாலும் மூணு தடவை வந்து, தாளத்துல கச்சிதமா உட்காரும். நாம கை தட்டுவோம். முடிஞ்சதுன்னு உடம்புக்கே தெரியும்.

அவங்களோட கடைசிப் படைப்பு ‘ஷரீரா’, 2001. ஒரு பெண், ஒரு களரிக் கலைஞர், குண்டேச்சா சகோதரர்களோட துருபத் இசை. கதை இல்ல, பாத்திரம் இல்ல. ஒரு கால் உயர்றதையே அவ்வளவு மெதுவா பார்க்க வைப்பாங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மீதியை நாமதான் முடிச்சுக்கணும்.

அப்ப இது அரைகுறை வேலையா? எங்க ஃபீல்டுல முடியாத ஃபீச்சரை ‘பீட்டா’னு லேபிள் ஒட்டி அனுப்பிருவோம். அது டைம் பத்தாம விட்டது. இது வேற. பல வருஷம் பயிற்சி எடுத்த உடம்பு, இம்மி பிசகாம ஆடிட்டு, முடிவை மட்டும் நம்மகிட்ட விட்டுட்டுப் போகுது. 2006 டிசம்பர்ல சந்திரலேகா இறந்துட்டாங்க. அதுக்கப்புறமும் ‘ஷரீரா’ மேடையேறுச்சு.

கச்சிதமா முடியுற கலைல ஒரு வசதி இருக்கு. கை தட்டிட்டு வீட்டுக்குப் போயிரலாம். 1952ல அவங்களால அப்படிப் போக முடியல. நம்மளையும் அவங்க போக விடல.

ஒரு கற்பனை. மழை பொய்ச்ச வருஷத்துல ஆண்டிப்பட்டில மேடை போட்டு யமுனை வெள்ளத்தை ஆடிக் காட்டுறோம். கடைசி வரிசைல, காலைல குடத்தோட லைன்ல நின்ன ஒரு அக்கா உட்கார்ந்திருக்காங்க. அவங்க என்ன பார்ப்பாங்க?

யோசிச்சு வைங்க. அடுத்த வாரம் பேசுவோம்.