“உள்ளே என்ன சொன்னாள்?”

ஆலோசனை அறைக் கதவு திறந்ததும் பெற்றோர் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி இதுவே. ஒரகடத்தில் இரவுப் பணி முடித்து, உறங்காமல் மகளை அழைத்து வந்த தந்தைக்கு அதைக் கேட்கும் உரிமை இல்லையா? உண்டு, அதற்கோர் எல்லையும் உண்டு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18 வயது நிறையாதவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரையே பிரதிநிதியாக ஏற்கிறது. ஆகவே, சிகிச்சை குறித்து முடிவெடுக்கத் தேவையான விவரங்களைத் தங்களுக்குத் தருகிறோம். தோழியுடன் நேர்ந்த பிணக்கு, நாட்குறிப்பில் எழுதியது, தங்கள்மீதே உள்ள கோபம் ஆகியவற்றைச் சொல்வதில்லை. ஒரு சொல் வெளியே சென்றதென்று அறிந்தால், அடுத்த வாரம் அப்பிள்ளை வாய் திறப்பதில்லை. தாங்கள் அறிந்தே ஆகவேண்டியது ஏதேனும் இருப்பின், பிள்ளையே அதைத் தங்களிடம் சொல்லும்படி உடன் அமர்ந்து துணைசெய்கிறோம். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம்.

மறைக்க இயலாதவையும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் அன்றே தங்களிடம் கூறுவோம். பாலியல் குற்றம் நேர்ந்ததாக அறிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். “வெளியே தெரிய வேண்டாம்” என்று பெற்றோர் கெஞ்சினாலும் எங்களுக்கு வேறு வழியில்லை. (கெஞ்சுபவரின் அச்சத்தை நாங்கள் அறியாமலில்லை.) இவ்வெல்லைகளை முதல் நாளே, தாங்கள் உடனிருக்கையில், பிள்ளையிடமும் சொல்லிவிடுகிறோம்.

பணிநேரம் மாறும் வாரங்களில் தொலைபேசியில் விவரம் கேட்க வேண்டாம். நேரில் வர ஏற்ற நேரத்தைக் கூறினால் ஒதுக்கித் தருவோம். இரவில் அச்சம் எழுந்தால், 24 மணிநேரமும் இயங்கும் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.