கருப்பட்டி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

நாஞ்சில் நாட்டில் கருப்பட்டி இல்லாத மளிகைக் கடை அரிது. அந்தச் சரக்கின் பின்னால் இருப்பது ஆலை அல்ல, ஒரு குடும்பத்தின் உழைப்பு என்பதை வணிகப் பெருமக்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆண்கள் பனையேறிப் பாளை சீவிக் கலயம் கட்டுவர். பெண்கள் அடுப்பில் வைத்துக் காய்ச்சுவர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. அதுவே பதநீர், இவ்வட்டாரத்தில் அக்கானி என்பர். சுண்ணாம்பு இல்லையேல் கள்ளாகிவிடும். கள் இறக்கத் தமிழகத்தில் 1987 முதல் தடை உண்டு. பதநீரும் வெகுநேரம் தாங்காது. ஆகவே அன்றன்றே காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குகிறார்கள்.

சுமார் 10 லிட்டர் பதநீர் காய்ச்சினால்தான் ஏறத்தாழ 1 கிலோ கருப்பட்டி தேறும். விறகுச் செலவும் ஏறுகூலியும் தனி. இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு, விலை மிகவும் மலிந்த கருப்பட்டியில் சர்க்கரை கலந்திருக்கலாம் என்ற ஐயம் தானே எழும்.

மலிவுச் சரக்கையே நாம் கேட்டால், அசல் காய்ச்சுபவர் போட்டியிட முடியாது. ஏறுவதற்கு ஆளில்லாத பனை வெட்டுப்படும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கலப்படப் பொருளை விற்றவரும் பதில் சொல்ல வேண்டும்.

எனவே பருவகாலத்தில் காய்ச்சும் குடும்பத்தாரிடமோ, நம்பகமான மொத்த வியாபாரியிடமோ ரசீதுடன் வாங்குங்கள். ஈரம் படாமல் வையுங்கள். சர்க்கரை கலந்ததை அசல் என்று விற்காதீர்கள். தூத்துக்குடி மாவட்ட உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயருக்கு மதிப்பு தருவது சரக்கின் தரம்தான். நம் ஊர்க் கருப்பட்டியின் பெயரைக் காப்பது நம் தராசில் இருக்கிறது.