விகடன் மார்க் அறுபது. தாராவி மார்க் எத்தனை?

ஊருக்குப் பணம் அனுப்பியது போக மிஞ்சும் காசில் ஒரு சினிமா. அதுவும் சொத்தை என்றால் வயிறு எரியாதா? எனவேதான் முதல் காட்சி பார்த்து வந்தவரை மடக்கி, "எத்தனை மார்க்?" என்று கேட்கிறார்கள் மும்பைத் தமிழர்கள்.

மார்க் பேச்சைப் பிரபலமாக்கியது 'ஆனந்த விகடன்'. 1977-ல் வந்த '16 வயதினிலே' பெற்ற 62½ மார்க்தான் அங்கே உச்சம். பள்ளிக்கூடத்தில் அறுபது வாங்கினால் அப்பா முகம் சுளிப்பார். விகடனில் வாங்கினால் டைரக்டர் காலரைத் தூக்கி விட்டுக் கொள்ளலாம்!

1987 தீபாவளிக்கு வந்த மணிரத்னத்தின் 'நாயகன்' வாங்கியது அந்த அறுபது. ஆனால் அதற்கு மார்க் போட அதிக உரிமை தாராவித் தமிழர்களுக்கே. வரதராஜ முதலியாரைத் தழுவிய கதை. அவர்கள் நேரில் கண்ட மனிதர். 1988 ஜனவரியில் அவர் காலமானார். படத்தின் தாராவி, சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் தோட்டா தரணி போட்ட செட். அதற்குத் தேசிய விருது. கமலஹாசனுக்கும், ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுக்கும் விருது.

நடிப்பைப் பற்றித் தகராறு இல்லை. கதையில்தான் சண்டை. "கடத்தல்காரரைத் தெய்வமாக்கலாமா?" என்பது ஒரு கட்சி. "நமக்கு ஆபத்து என்றபோது வேறு யார் வந்தார்கள்?" என்பது எதிர்க்கட்சி. டி.வி.யில் படம் வரும்போதெல்லாம் வழக்கு மறுபடி ஆரம்பம், மார்க்கும் ஆளுக்கொன்று!