பழைய பள்ளிப் பதக்கங்கள்: தேய்க்காமல் படிப்போம்

ஆறாம் வகுப்பில் வரலாற்றுச் சான்றுகள் பற்றிப் பாடம் நடத்தும்போது, வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பெரியவர்களிடம் கேட்டு எடுத்து வரச் சொல்வது என் வழக்கம். அரிமளத்தில் இதற்குக் குறைவே இருக்காது. நகரத்தார் ஊர். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனவர்களின் வீடுகளிலும், அங்கே வேலை பார்த்தவர்களின் வீடுகளிலும் எனாமல் தூக்கும் பீங்கான் ஜாடியும் இன்னும் கிடக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் தீப்பெட்டிக்குள் வைத்து வெண்கலப் பதக்கம் ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு பக்கம் முடி சூடிய அரசர் தலை. மறுபக்கம் களிம்பேறிக் கிடந்தது. கொள்ளுத்தாத்தா பள்ளிக்கூடத்தில் வாங்கியது என்றான்.

எழுத்து தெரியட்டும் என்று புளியும் விபூதியும் போட்டு நானே தேய்த்தேன். பதக்கம் பளபளத்தது. ஊசியால் கீறியதுபோல மெல்லியதாக இருந்த பெயர் போய்விட்டது. ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் மட்டும் மிஞ்சின. "தாத்தா பேரு எங்க சார்?" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பழைய பள்ளிப் பதக்கங்களைத் தேடிப் பார்க்கவும், ஒன்றிரண்டைச் சேர்க்கவும் நான் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பதக்கத்தில் அச்சில் அடித்த எழுத்தும், பின்னர் கையால் வெட்டிய எழுத்தும் வேறு வேறு. பள்ளியின் பெயரும் சின்னமும் அச்சில் வருபவை. நூறு பதக்கத்துக்கும் ஒன்றுதான். மாணவர் பெயரும் ஆண்டும் பிறகு பொற்கொல்லர் வெட்டியவை. ஆழம் குறைவு என்பதால் முதலில் அழிவது அதுதான். வரலாற்று மதிப்பு இருப்பதும் அதில்தான். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பதக்கத்தின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். இதைச் செய்ய மாணவர்களுக்குள் போட்டியே நடக்கும்.

வெள்ளிப் பதக்கமாக இருந்தால் விளிம்பையும் பாருங்கள். நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி கொண்ட இங்கிலாந்துத் தரம். நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்து முத்திரையிட்டது. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் ஏன் என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

இப்பதக்கங்கள் எதற்காகக் கொடுக்கப்பட்டன? படிப்புக்கு, நன்னடத்தைக்கு, விளையாட்டுக்கு என்று பல உண்டு. இங்கிலாந்தில் ஏராளமாகக் கொடுக்கப்பட்டவை வருகைப் பதக்கங்கள். 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் உருவான லண்டன் பள்ளி வாரியமும், 1904இல் அதன் பொறுப்பை ஏற்ற லண்டன் கவுண்டி மன்றமும் தவறாமல், தாமதமில்லாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு நாடாவில் தொங்கும் பதக்கம் அளித்தன. 1862 முதல் சில பத்தாண்டுகள் அங்கே பள்ளிக்கான அரசு மானியமே வருகையையும் தேர்வு முடிவையும் பொறுத்துத்தான் கிடைத்தது. பதக்கம் பிள்ளைக்கு, பணம் பள்ளிக்கு.

ஞாயிறு பள்ளிப் பதக்கங்களுக்கு வேறொரு கதை. 1780இல் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளிக்கு வந்தவர்கள், வாரம் முழுதும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகள். வேதபாடத்தோடு எழுத்தறிவும் அவர்களுக்கு அங்கேதான் கிடைத்தது. நம் நாட்டில் இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் 1876இல் தோன்றியது. தேவாலயம் உள்ள ஊர்களில் பணிபுரிவோர் கேட்டுப் பார்த்தால், அந்நாளைய பரிசுகள் ஏதேனும் வீடுகளில் இருக்கக்கூடும்.

வருகைப் பதக்கத்தின் மீது எனக்கு முழு மரியாதை வருவதில்லை. ஒரு நாள்கூட விடாமல் வர, காய்ச்சல் வராத உடம்பும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளும், மழைக்கு ஒழுகாத வீடும் வேண்டும். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமியை எண்ணிப் பாருங்கள். பருவமெய்தியதும் பள்ளிக்குப் போவது நின்றது. வீட்டிலிருந்தே படித்து 1902இல் மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பதக்கங்களோடும் பரிசுகளோடும் பட்டம் பெற்றார். பள்ளி வருகைப் பதிவேட்டை வைத்துப் பதக்கம் கொடுத்திருந்தால் அவர் பெயர் பட்டியலிலேயே வந்திருக்காது. நம் மாநிலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்தது பதக்கத்தைவிடச் சோறுதான். 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956, 1982 என்று விரிந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும்.

பழைய பதக்கங்கள் பெரும்பாலும் வெள்ளி விலைக்கு உருக்கப்படுகின்றன. மிஞ்சியவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. கடைக்கு வந்த பதக்கத்தில் பெயர் இருக்கலாம், ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யார் என்று சொல்ல ஆள் இருக்காது. அதனால் நான் இப்போது பதக்கத்தை வாங்குவதைவிடக் கதையைக் குறித்துக்கொள்வதையே விரும்புகிறேன். பள்ளியில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். இரு பக்கப் படம், விட்டம், எடை, எழுத்துகள், யார் வாங்கியது, அதை யார் சொன்னது ஆகியவற்றை மாணவர்களே எழுதுகிறார்கள். பதக்கம் அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிடும்.

வைத்திருப்பவர்களிடம் இரண்டு மூன்று விஷயங்கள் சொல்லி அனுப்புகிறோம். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். பி.வி.சி. உறையில் போடக் கூடாது. நாளடைவில் அதிலிருந்து கசியும் அமிலம் உலோகத்தைப் பச்சையாக்கிவிடும். ரப்பர் பேண்டிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அமிலமற்ற தாளில் சுற்றி வைத்தால் போதும். நூறாண்டு கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரலாம் என்பதால், வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி யாராவது கேட்டால் சம்மதிக்க வேண்டாம் என்றும் சொல்கிறோம். திருக்கோகர்ணத்திலுள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் காசுகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று மாணவர்கள் நேரில் பார்க்கலாம்.

இன்னொன்று. ஆண்டு விழாவில் நாம் இப்போது கொடுக்கும் பதக்கங்களின் பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது, அல்லது இரண்டு மாதத்தில் உரிந்துபோகும் ஸ்டிக்கர் இருக்கிறது. எங்கள் பள்ளியில் கடந்த ஆண்டு முதல், பாத்திரக் கடையில் பெயர் வெட்டுபவரிடம் கொடுத்து மாணவர் பெயர், பள்ளி, ஆண்டு, எதற்கான பரிசு ஆகியவற்றைத் தமிழில் வெட்டி வாங்குகிறோம். கொஞ்சம் ஆழமாகவே வெட்டச் சொல்லியிருக்கிறேன்.