ஆழ்கடல் திகில் திரைப்படம்

ஆழ்கடல் திகில் திரைப்படம் என்பது, கடலடி நிலையம், நீர்மூழ்கி போன்ற மூடிய இடத்தில் சிக்கிக்கொண்ட சிலர் முன்பின் அறியாத உயிரி ஒன்றை எதிர்கொள்வதைக் கதைக்கருவாகக் கொண்ட அறிபுனைத் திரைப்பட வகையாகும். இது விண்வெளித் திகில் படங்களுக்கு நெருங்கியது. அங்கே சுவருக்கு வெளியே இருப்பது வெற்றிடம். இங்கே இருப்பது நசுக்கும் நீர்.

வரலாறு

ஆழ்கடல் உயிரிகள் பற்றிய அச்சம் திரைப்படத்தினும் பழமையானது. ஜூல்ஸ் வேர்ண் எழுதி 1870 இல் நூலாக வெளிவந்த கடற்பயணப் புதினத்தில், நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கியை மாபெரும் கணவாய்கள் தாக்குகின்றன. 1954 இல் வெளிவந்த சப்பானியப் படமான காட்சில்லாவில், ஐதரசன் குண்டுச் சோதனைகள் கடலில் உறங்கிய விலங்கை எழுப்பிவிடுகின்றன. விலங்கு தானாக வருவதில்லை, மனிதச் செயலே அதனை வரவழைக்கிறது என்னும் கருத்து பின்வந்த படங்களிலும் தொடர்ந்தது.

1989 ஆம் ஆண்டில் கடலடியைக் களமாகக் கொண்ட பல அமெரிக்கப் படங்கள் அடுத்தடுத்து வெளியாயின. அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

* டீப்ஸ்டார் சிக்ஸ்: ஏவுகணைத் தளம் அமைக்கும் குழுவினர் கடலடிக் குகை ஒன்றை வெடிவைத்துத் தகர்க்க, உள்ளிருந்த உயிரி வெளிப்படுகிறது.
* லெவியத்தான்: கடலடிச் சுரங்கத் தொழிலாளர்கள் மூழ்கிய சோவியத் கப்பல் ஒன்றைக் காண்கின்றனர். அதிலிருந்து எடுத்துவந்த மதுவைக் குடித்தவர்கள் உருமாறுகின்றனர். புயலைக் காரணம் காட்டி மீட்பைத் தள்ளிப்போடும் நிறுவனம், அவர்கள் இறந்துவிட்டதாகவே செய்தி வெளியிடுகிறது.
* தி அபிஸ்: ஜேம்ஸ் கேமரூன் இயக்கியது. இதில் ஆழ்கடலில் வாழ்வோர் பகைவர் அல்லர். ஆதலால் இது இவ்வகையின் விதிவிலக்கு எனலாம்.

2020 சனவரியில் வெளிவந்த அண்டர்வாட்டர் இவ்வகையின் அண்மைக்கால எடுத்துக்காட்டு. வில்லியம் யூபேங்க் இயக்க, கிறிஸ்டன் ஸ்டூவர்ட் இயந்திரப் பொறியாளராக நடித்தார். மரியானா அகழியில் உள்ள துளையிடும் நிலையம் இடிந்து விழ, எஞ்சியோர் கடலடித் தரையில் நடந்தே அடுத்த நிலையத்தை அடைய முயல்கின்றனர். துளையிட்டதால் வெளிவந்த உயிரிகள் அவர்களைத் தொடர்கின்றன. உயிர்தப்பியவர்களைப் பேசவிடாமல் நிறுவனம் துளையிடலைத் தொடர்வதாக இறுதியில் காட்டப்படும் செய்தித் துணுக்குகள் தெரிவிக்கின்றன.

அறிவியல் பின்னணி

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6,000 மீட்டரில் இது தரைமட்ட அழுத்தத்தைப் போல் சுமார் 600 மடங்காகும். 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி எட்டுவதில்லை.

மனிதர் கடலடியில் தங்க இரு வழிகள் உள்ளன. முதல் வழியில், உள்ளே உள்ள காற்றின் அழுத்தம் வெளிநீரின் அழுத்தத்திற்குச் சமமாக வைக்கப்படும். சுவருக்குச் சுமை இல்லை. ஆனால் மேலே வரும்போது அழுத்தத்தைச் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். இல்லையேல் குருதியில் கரைந்த வளிமம் குமிழாகி உயிரைப் பறிக்கும். டீப்ஸ்டார் சிக்ஸ் படத்தில் பொறுமையிழந்து மேலே தப்பும் ஒருவர் இவ்வாறே இறக்கிறார். இரண்டாம் வழியில், உள்ளே தரைமட்ட அழுத்தம் பேணப்பட்டு முழுச் சுமையையும் சுவரே தாங்கும். சுவர் தவறினால் தப்ப நேரமில்லை. 2023 சூன் மாதத்தில் டைட்டானிக் சிதைவைக் காணச் சென்ற டைட்டன் கலம் நொறுங்கி, அதிலிருந்த ஐவரும் இறந்தனர்.

படங்களில் வரும் பேருருவ வேட்டை விலங்குகள் மிகை ஆழத்தில் வாழ்வது அரிது. அங்கே உணவு மிகக் குறைவு. 2022 இல் சப்பானுக்கு அருகே 8,336 மீட்டர் ஆழத்தில் படம்பிடிக்கப்பட்டது ஒரு சிறிய நத்தைமீனே.

படமாக்கம்

தி அபிஸ் படத்திற்காகக் கைவிடப்பட்ட அணுமின் நிலையம் ஒன்றின் கொள்கலனில் ஏறத்தாழ 2.8 கோடி லிட்டர் நீர் நிரப்பப்பட்டது. பகலொளி புகாதிருக்க நீர்ப்பரப்பில் கருமணிகள் மிதக்கவிடப்பட்டன. அண்டர்வாட்டரில் பெரும்பாலான கடலடிக் காட்சிகள் நீரின்றியே எடுக்கப்பட்டன. புகை, மெதுவான அசைவு, கணினியில் சேர்த்த துகள்கள் ஆகியவை நீர் என்ற தோற்றத்தைத் தந்தன.

இந்தியாவிலும் தமிழிலும்

2017 இல் தெலுங்கிலும் இந்தியிலும் வெளிவந்த காசி, நீர்மூழ்கியைக் களமாகக் கொண்ட போர்ப்படம். அதில் விலங்கு இல்லை. தமிழில் இவ்வகைக்கு நெருங்கியது 2025 மார்ச்சில் வெளிவந்த கிங்ஸ்டன். கமல் பிரகாஷ் இயக்க, ஜி. வி. பிரகாஷ் குமார் நடித்த இப்படம் தூத்துக்குடிப் பகுதிக் கடலோரச் சிற்றூரில் நிகழ்கிறது. கடலுக்குச் சாபம் என அஞ்சி ஊரார் மீன்பிடிப்பதை நிறுத்திவிட்டனர். தொழில் இழந்த நாயகன் கடத்தல்காரனிடம் வேலை செய்கிறான். இங்கே அச்சத்தின் வேர் அறிவியல் அன்று, பேய்க்கதை. எனினும் ஆங்கிலப் படங்களின் சுரங்கத் தொழிலாளர் போலவே, கடலால் பிழைப்பவரே முதலில் பலியாகின்றனர்.

கதையும் நடைமுறையும்

இப்படங்கள் கற்பனை செய்த ஆழ்கடல் அகழ்வு நடைமுறையை நெருங்கி வருகிறது. நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிக்கல், செம்பு, கோபால்ட்டு, மாங்கனீசு கொண்ட உலோக முடிச்சுகளை ஆராயும் உரிமை இந்தியாவிற்கு உண்டு. சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2021 இல் தன் அகழ்வு ஊர்தியை 5,270 மீட்டர் ஆழத்தில் சோதித்தது. மூவரை 6,000 மீட்டருக்குக் கொண்டுசெல்ல அந்நிறுவனம் வடிவமைத்த மத்சயா 6000 கலம், 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது. இதன் ஆட்கூண்டு 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியக் கோளமாகத் திட்டமிடப்பட்டது.

முடிச்சுகள் கிடக்கும் தரையே பல உயிரிகளின் வாழிடம். பசிபிக் பெருங்கடலின் இத்தகைய பகுதி ஒன்றில் 5,578 இனங்கள் இருக்கலாம் என்றும், அவற்றுள் சுமார் பத்தில் ஒன்பது இன்னும் பெயரிடப்படாதவை என்றும் 2023 இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. முடிச்சுகள் உருவாகப் பல இலட்சம் ஆண்டுகள் ஆகும் என்பதால், அகழ்ந்த தரை மனிதக் காலக்கணக்கில் பழைய நிலைக்குத் திரும்பாது. திரைப்படத்தில் துளையிட்டவரை விலங்கு துரத்துகிறது. நடைமுறையில் ஆபத்து பெரிதும் விலங்குகளுக்கே.