இரண்டாவது கையெழுத்து

"அமெரிக்காவுல துணைத் தலைவர் யாருன்னு தலைவருக்கு நிக்கிறவரே முடிவு பண்ணிக்குவாராமே, நெசமாங்க?"

நாகலூர் டீக்கடையில் இதைக் கேட்ட நண்பர், மலைக்குக் கீழே ஓர் ஊராட்சியில் ஐந்து வருஷம் வார்டு உறுப்பினராக இருந்தவர். நெசந்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க தலைவியம்மாவுக்கு அப்படி ஒரு வழி இருந்திருந்தா செக்கைத் தூக்கிக்கிட்டு அந்த வீட்டு வாசல்ல போய் நின்னிருக்காது" என்றார். இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

'மாற்று வரலாறு' என்ற கதையாடல் வகையில் அமெரிக்கர்களுக்குச் சலிக்காத விளையாட்டு ஒன்று உண்டு. அதிபர் வேட்பாளரோடு சோடியாக நிற்பவரை, அதாவது 'ரன்னிங் மேட்'டை, மாற்றிப் போட்டு வரலாறு எப்படித் திரும்பியிருக்கும் என்று பார்ப்பது. இந்தச் சோடி ஆதியிலேயே இருந்ததல்ல. இரண்டாவதாக வந்தவரே துணை அதிபர் என்பதுதான் முதல் ஏற்பாடு. 1800 தேர்தலில் ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்கு பெற்று முட்டிக்கொண்ட பிறகு, 1804இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி இரண்டு பதவிக்கும் தனித்தனி வாக்கு என்றாக்கினார்கள். சோடி நிலைபெற்றது அதன் பிறகு.

யாரைச் சோடி சேர்ப்பது? முதல் பெயரை நம்பாதவர்களுக்குப் பிடித்த ஆளை. 1864இல் லிங்கன் மறுபடி நின்றபோது, அடிமை முறையை எதிர்த்த ஹாம்லினைக் கழற்றிவிட்டு, தென்மாநிலத்து ஜனநாயகக் கட்சிக்காரரான ஆண்ட்ரூ ஜான்சனைக் கட்சி மாநாடு சேர்த்துக்கொண்டது. பதவியேற்ற ஆறே வாரத்தில், 1865 ஏப்ரலில், லிங்கன் சுடப்பட்டார். விடுதலையான கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தை அந்த ஆண்டிலேயே பழைய முதலாளிகளிடம் ஜான்சன் திருப்பிக் கொடுத்தார். மறு ஆண்டு, கறுப்பர்களைக் குடிமக்களாக்கும் சட்டத்தை மறுத்துத் திருப்பியனுப்பினார். நாடாளுமன்றம் அவரை மீறித்தான் அதை நிறைவேற்றியது. ஹாம்லின் இருந்திருந்தால்? கேள்வி வெறும் பொழுதுபோக்கல்ல. அதிகாரம் தன் சமரசத்தை எந்த இடத்தில் ஒளித்து வைக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நம்மூரில் சோடி கிடையாது. குடியரசுத் துணைத் தலைவரை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தனியாகத் தேர்ந்தெடுக்கின்றன. நாம் அறிந்த 'மாற்று வேட்பாளர்' வேறு சாதி. அசல் மனு தள்ளுபடியானால் உதவ ஒரு டம்மி, பெரும்பாலும் வீட்டுக்காரம்மா. (பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட எங்கள் ஏற்காடு தொகுதியில் சட்டமன்ற உறுப்பினர் பெருமாள் இறந்து 2013இல் இடைத்தேர்தல் வந்தபோது, அவர் மனைவி சரோஜாதான் நிறுத்தப்பட்டு ஜெயித்தார். எழுதப்படாத உடன்வேட்பாளர் என்றே சொல்லலாம்.)

ஆனால் ஊராட்சிக்கு வாருங்கள். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவருக்கு இல்லை. காசோலையிலோ இருவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் நாற்காலியை ஒதுக்கீட்டில் இழந்த சாதி, வார்டுகளை வளைத்துத் துணைத் தலைவரைப் பிடித்துவிட்டால் போதும். குழாய் பதிக்க, தெருவிளக்கு மாற்ற, எல்லாவற்றுக்கும் அந்தப் பேனா மூடி திறக்க வேண்டும். ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் இருந்த யாரைக் கேட்டாலும் இந்தக் கதை வரும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் தலைவி தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானபோது, குற்றம்சாட்டப்பட்டவர் துணைத் தலைவர்தான். ஜான்சனாவது அதிபர் செத்த பிறகு வந்தார். இங்கே தலைவி உயிரோடிருக்கும்போதே வந்துவிடுகிறார்.

அப்படியானால் தலைவரே பொறுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? நண்பருக்கு அதுதான் ஆசை. எனக்கு முழுச் சம்மதமில்லை. ஜான்சனும் சோடி சேர்க்கப்பட்டு வந்தவர்தானே. தேர்வு தலைவர் கைக்கு வந்தாலும், ஊர்ப் பெரிய வீடு சொல்கிற பெயரைத்தான் அந்தக் கை எழுத நேரும். இன்னொன்றையும் மறக்க முடியாது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் தலைவர் முருகேசனோடு வெட்டப்பட்டவர்களில் துணைத் தலைவர் மூக்கனும் ஒருவர். அங்கே இரண்டு கையெழுத்தும் ஒரே பக்கம் நின்றன. நின்றதற்கான விலையும் அதுவாகவே இருந்தது.

எனவே நான் கேட்பது வேறு. ஊழலைத் தடுக்க இரண்டாவது கையெழுத்து தேவை என்கிறார்கள், சரி. அது ஏன் தோற்ற தரப்பின் கையில் போய் உட்காரும்படி சட்டம் அமைகிறது? துணைப் பதவிக்கும் ஒதுக்கீடு வைப்பதைத் தடுப்பது எது? நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் காரணத்தை எழுத்தில் கொடு என்று ஒரு விதி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? மாற்று வரலாற்றை நாம் எழுதுவதென்றால் இந்த இடத்திலிருந்துதான் எழுத வேண்டும்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, சேலம் மாவட்ட ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அதைச் சொன்னேன். நண்பர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "செக்குல அப்ப கையெழுத்துச் சண்டையே இல்லீங்க. நாங்களே இல்ல."