படித்த கதையும் பார்த்த கதையும்



ஒரு நாவலைப் படித்து முடித்த பின்னர் அதே கதையைத் திரையில் பார்க்க உட்காருவது சங்கடமான அனுபவம். மனதில் நாம் வரைந்து வைத்திருக்கும் முகங்களை அழித்துவிட்டு வேறு முகங்கள் வந்து நிற்கும். "புத்தகம் போல் வரவில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. ஆனால் எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டுப் பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் 'எரியும் பனிக்காடு' நாவலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் இதை 1969இல் 'ரெட் டீ' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரா. முருகவேளின் தமிழாக்கம் 2007இல் வந்தது. இந்நாவலைத் தழுவி பாலா இயக்கிய 'பரதேசி' 2013 மார்ச்சில் திரைக்கு வந்தது. நாஞ்சில் நாடன் உரையாடல் எழுதினார், அதர்வா கதாநாயகன்.

நாவலை முன்பே படித்திருந்த நான், படத்தைப் பார்த்தது இரக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்துக் காம்பராவில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால். பக்கத்தில் பெரியம்மா. நாற்பது வருடம் றப்பர் மரத்தில் பால் வெட்டியவர்; எழுதப் படிக்கத் தெரியாதவர். மலையேறி வரும் கூட்டம் வழியில் ஒவ்வொருவராக விழும் காட்சி வந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்: "இதத்தான் தம்பி எங்க பாட்டி சொல்லிச் சொல்லி அழும்."

நாவலால் முடியாத ஒன்றைத் திரை அந்த நிமிடத்தில் செய்துவிட்டது. எழுத்தறியாத ஒருவரிடம் அவருடைய கதையையே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் சம்பளக் கணக்குக் காட்சி வந்தபோது பெரியம்மாவின் பேத்தி கேட்டாள்: "சம்பளந்தான் குடுக்கிறாங்களே, அப்புறம் ஏன் கடன் தீரமாட்டேங்குது?" நல்ல கேள்வி. படத்தில் பிடித்தங்களை அடுக்கிச் சொல்லி, வெறுங்கையோடு திரும்பும் மனிதனைக் காட்டுகிறார்கள். அது நெஞ்சில் அடிக்கிறது. ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நாவலிலோ கடன் ஒரு நாளில் ஏறுவதில்லை. ஊரில் நீட்டிய முன்பணத்தில் தொடங்கி, நாட்கணக்காக, மாதக்கணக்காக ஏறுகிறது. பக்கங்களைப் புரட்டும் நாமும் அந்தக் கணக்கோடு சேர்ந்தே நடக்கிறோம். கொடுமை ஒரு கெட்ட மனிதனின் குணம் மட்டுமல்ல, அது ஒரு கணக்குப் புத்தகம் என்பது அங்கேதான் புரிகிறது.

பேத்திக்குப் பெரியம்மாவே பதில் சொன்னார்: "அப்ப துண்டுன்னு ஒண்ணு இருந்திச்சாம். கடனெல்லாம் அதுலதான் எழுதியிருக்குமாம்." அவர் சொன்னது சரிதான். கடனைக் குறித்த அந்தக் காகிதம் இல்லாமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. இலங்கையில் 1921இல் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

அடுத்தது கதையின் அமைப்பு. நாவலில் கருப்பனும் வள்ளியும் கணவன் மனைவியாக ஒன்றாகவே மலையேறுகிறார்கள். படத்தில் ராசா தனியே போகிறான். கருவுற்ற அங்கம்மா ஊரில் நிற்கிறாள். இறுதியில் அவள் பிள்ளையோடு அதே சிறைக்கு வந்து சேரும் காட்சி, பார்ப்பவரை உலுக்கிவிடுகிறது. திரைக்கதைக்கு அது வலிமைதான். ஆயினும் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் தோட்டத்தைத் தாங்குபவர்கள் பெண்கள். கணவன் ஓடிப்போக, அவன் கடனையும் சுமக்கும் மரகதம் படத்தில் உண்டு என்றாலும், வள்ளியின் அன்றாட உழைப்பு அங்கம்மாவுக்கு இல்லை; அவள் காத்திருப்பவளாகிவிடுகிறாள்.

எனக்கு மிகவும் உறுத்தியது மருத்துவர் பாத்திரம். நாவலின் டாக்டர் ஆபிரகாம், தொழிலாளரை மனிதராக மதித்து, அவர்களுக்கு முறையான வைத்தியம் கிடைக்கப் போராடுபவர். நாவலாசிரியரின் மனச்சாட்சியே அவர் உருவில் பேசுகிறது எனலாம். படத்தில் வரும் மருத்துவரோ வெள்ளைக்கார மனைவியோடு ஆடிப்பாடி மதம் மாற்றும் கேலிச்சித்திரம். மதமாற்றத்தை விமர்சிக்க இயக்குநருக்கு உரிமை உண்டு. ஆனால் ஆபிரகாம் மறைந்த இடத்தில் நம்பிக்கையும் மறைந்துவிட்டது. இதை எதிர்க்கலாம், மாற்றலாம் என்று சொல்ல அங்கே எவரும் இல்லை.

1920களில் தொடங்கும் கதையைப் படம் 1939க்கு நகர்த்தியிருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1939இல் இங்கே மலையகத்தில் தொழிற்சங்கங்கள் வேரூன்றத் தொடங்கியிருந்தன. 1931இலேயே நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்துவிட்டார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். அழுதவர்கள் மட்டுமல்ல நம் முன்னோர். எழுந்து நின்றவர்களும் அவர்களே.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு இது வெறும் இலக்கிய விவகாரம் அல்ல. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் இந்த லயங்களில் முன்னோரின் கதையைச் சொல்லும் பாட்டிமார் குறைந்து வருகிறார்கள். அவர்களின் இடத்தைத் திரைதான் பிடிக்கப்போகிறது என்றால், அது எதைச் சொல்கிறது, எதை விடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே படத்தை ஒதுக்க வேண்டாம், பாருங்கள். பார்த்த பின் நாவலைத் தேடிப் படியுங்கள். நம் நாட்டுக் கதைக்குக் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யையும் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மா ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். படத்தில் விடுபட்ட சில பக்கங்கள் அவரிடமே இருக்கக் கூடும்.